பெட்டியும் பலகையும்

எங்கள் வங்கிக் கிளையில் வருஷத்துக்கு ஓரிரு முறை அரக்கு உருக்குகிற வேலை வரும். பெட்டகத்தின் மாற்றுச் சாவிகளை உறையிலிட்டு, நூல் சுற்றி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கைச் சொட்டவிட்டு, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்தி, வேறொரு கிளைக்கு அனுப்ப வேண்டும். மெழுகுவர்த்தி, அரக்குக் குச்சி, விரல் நுனியில் ஒரு சூடு. கம்ப்யூட்டர் வந்து எல்லாவற்றையும் துடைத்துப் போட்ட பிறகும் எப்படியோ தப்பிவிட்ட சடங்கு. பெரும்பாலும் என் தலையில்தான் விழும். அப்படி ஒரு நாள் கையில் ஒட்டிய அரக்கைச் சுரண்டிக்கொண்டே, இது என்ன வஸ்து, எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டதில் ஆரம்பித்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸின் மேஜை நாற்காலிகளில் கொண்டுபோய் விட்டது.

நான் இத்தாலி போனதில்லை. போகப்போவதாகவும் இல்லை. நான் பார்த்ததெல்லாம் புத்தகங்களிலும் மியூசியங்கள் வெளியிட்ட படங்களிலும். அச்சில் பார்த்தே ஐரோப்பிய ஓவியத்தைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதியவர்கள் நம்மிடையே உண்டு என்பதால், இதற்காகப் பெரிதாக வெட்கப்படவில்லை. இந்த விஷயத்தை இவ்வளவு நாள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அரக்கு, மரக்கிளைகளில் மொய்த்து வாழும் ஒரு பூச்சி சுரக்கிற பிசின். சமஸ்கிருதத்தில் லாக்ஷா, ஹிந்தியில் லாக். பாண்டவர்களை வைத்துக் கொளுத்தப் பார்த்த மாளிகை இதில் கட்டியதுதான். இந்தச் சொல்தான் பிரயாணம் பண்ணி இத்தாலிய மொழியில் லக்கா ஆயிற்று. இங்கிலீஷில் லாக்கர் - எங்கள் வங்கி லாக்கர் அல்ல. வெனிஸ்காரர்கள் தங்கள் வர்ணம் தீட்டிய அலமாரிகளையும் மேஜைகளையும் நாற்காலிகளையும் லக்கா என்றார்கள். ஆனால் அவர்கள் பார்த்து ஆசைப்பட்டது இந்த அரக்கை அல்ல. சீனாவிலும் ஜப்பானிலும் ஒரு மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பார்கள்; அதை மரச்சாமான்மேல் மெல்லிசாகப் பூசி, ஈரமான காற்றில் வைத்து இறுகவிட்டு, மறுபடி பூசி, மறுபடி இறுகவிட்டு, கிணற்றுக்குள் எட்டிப்பார்க்கிற மாதிரி ஒரு கறுப்பைக் கொண்டுவருவார்கள். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகீசிய, டச்சுக் கப்பல்களில் இந்தச் சாமான்கள் ஐரோப்பா போய்ச் சேர்ந்தன. சாமான் போயிற்று; பால் போகவில்லை. அந்த மரம் ஐரோப்பாவில் இல்லை. பால் அத்தனை மாதக் கடற்பிரயாணம் தாங்காது. 1720-இல் ரோமில் ஃபிலிப்போ பொனான்னி என்ற ஜெஸ்யூட் பாதிரியார், சீன வார்னிஷ் என்று பொதுவில் சொல்லப்படுகிறதைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே போட்டார். ஆசிய வார்னிஷின் சூட்சுமம் என்ன, அது கிடைக்காத இடத்தில் எதைக் கொண்டு அதற்கு ஈடு செய்வது என்பதுதான் விஷயம். அப்படி ஈடு செய்ய வந்த சரக்குகளில் ஒன்று நம் பூச்சி அரக்கு.

வெனிஸில் பெரும்பாலும் அதுகூட இல்லை. அவர்கள் முறை இது. மரம் உசத்தியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆல்ப்ஸ் பக்கத்து மிருதுவான பைன் வகைகள் போதும். தச்சன் கூட்டிக் கொடுத்ததன்மேல், வஜ்ஜிரத்தில் குழைத்த ஜிப்சம் மாவை - ஜெஸ்ஸோ என்பார்கள் - பல பூச்சுகள் பூசுவது, காயக் காயச் சுரண்டித் தேய்த்து முட்டை ஓடு மாதிரி ஆக்குவது, அதன்மேல் தளவர்ணம், அதன்மேல் பூ, பறவை, பாலம், படகு, குடை பிடித்த சீனன். சில இடங்களில் ஜெஸ்ஸோவையே கொஞ்சம் தடிப்பாக எழுப்பி அதன்மேல் தங்க ரேக்கு. கடைசியில் வார்னிஷ். ஸாந்தராக் என்கிற வட ஆப்பிரிக்க மரப்பிசினைக் கரைத்து, ஒன்று காய்ந்தபின் ஒன்றாக, இருபது பூச்சு வரைகூடப் போவதுண்டு.

ஆகப் பெயர் இந்தியாவிலிருந்து, ஆசை ஜப்பானிலிருந்து, பிசின் ஆப்பிரிக்காவிலிருந்து. சீனன் மட்டும் சீனாவிலிருந்து வரவில்லை. அச்சுப் படங்களைப் பார்த்து, சீனாவைக் கண்ணால் காணாதவர்கள் போட்ட சீனன். எல்லாமே கடன். ஆனாலும் ஒரு வெனிஸ் லக்கா அலமாரியை ஜப்பானியச் சாமான் என்று நினைத்து ஒருவர் ஏமாறுவது கஷ்டம். ஜப்பானியனின் கறுப்பு இங்கே தண்ணீர்ப் பச்சையாக, பாலேட்டு வெள்ளையாக, எலுமிச்சை மஞ்சளாக ஆகிவிட்டது. வெனிஸின் கால்வாய் வெளிச்சம் என்று எழுதுவார்கள். எழுதி எழுதிப் புளித்துப்போன வாக்கியம், ஆனால் படங்களைப் பார்த்தால் வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. கா ரெஸ்ஸோனிக்கோ என்ற கால்வாயோர மாளிகை 1936-இல் பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸுக்கான மியூசியமாகத் திறக்கப்பட்டது. அதில் பச்சை லக்கா அறை என்று ஒன்று. கால்போ க்ரோத்தா குடும்பத்து மாளிகையிலிருந்து வந்த சாமான்கள். கரும்பச்சைத் தளத்தில் தங்கத்தில் சீன விளையாட்டு. நகலெடுக்க உட்கார்ந்தவன் தோற்றுப்போன இடத்தில் தன்னுடையதைச் செய்துவிட்டான் என்று எனக்குத் தோன்றுகிறது. புதுக்கவிதையை இறக்குமதிச் சரக்கு என்று ஏசினவர்களுக்கும், அப்படியெல்லாம் இல்லை, சங்க காலத்திலேயே இருக்கிறது என்று சத்தியம் பண்ணினவர்களுக்கும் இந்த அறையைக் காட்ட வேண்டும்.

டூரின் அரண்மனையில் இன்னும் சுவாரஸ்யமான சங்கதி. கட்டடக் கலைஞன் ஃபிலிப்போ யுவாரா 1732-இல் ரோமில் நிஜமான சீன அரக்குப் பலகைகளை வாங்கினான், அரசனின் ஓர் அறைச் சுவருக்காக. பலகைகள் சுவர் முழுக்கக் காணவில்லை. மிச்சத்தை ஈடுகட்ட, பியெத்ரோ மாஸ்ஸா என்ற உள்ளூர்க்காரனைக் கொண்டு அதே மாதிரி தீட்ட வைத்தார்கள். அசலும் அதைப் பார்த்துச் செய்ததும் ஒரே சுவரில் பக்கத்தில் பக்கத்தில். அரசனுக்கு இதில் எந்த மானக்கேடும் இருந்ததாகத் தெரியவில்லை.

நகலுக்கும் நகல் வந்தது. லக்கா சாமான் வாங்க வசதி இல்லாத வீடுகளுக்கு, கையால் தீட்டுவதற்குப் பதிலாக அச்சடித்த படங்களை வெட்டி, வர்ணம் கொடுத்து, ஒட்டி, மேலே அதே ஸாந்தராக் வார்னிஷைப் பல தடவை ஏற்றி, ஒட்டின விளிம்பு விரலுக்குத் தட்டாமல் மறைத்துவிடுவார்கள். இந்தப் படங்களைத் தாள் தாளாக அச்சடித்துத் தள்ளியது வெனிஸுக்கு வடமேற்கே பஸ்ஸானோ என்ற ஊரில் ரெமொந்தினி குடும்பம். வேடர்கள், நாய்கள், நடனமாடும் ஜோடிகள், சீனர்கள். வெட்டுவதற்கென்றே போட்ட தாள்கள். அவர்கள் படங்களைத் தெஸீனோ பள்ளத்தாக்கிலிருந்து வந்த தலைச்சுமை வியாபாரிகள் முதுகில் சுமந்து ருஷ்யா வரைக்கும் நடந்தே போய் விற்றிருக்கிறார்கள். இந்தச் சாமான்களுக்குப் பிற்காலத்தில் ஏழை லக்கா என்றும், ஏழைக் கலை - ஆர்த்தே போவெரா - என்றும் பெயர். 1967-இல் இத்தாலியில் கந்தல், மண், கரி இவற்றைக் கொண்டு கிளம்பிய நவீனக் கலை இயக்கத்துக்கு விமர்சகர் ஜெர்மானோ செலாந்த் வைத்ததும் இதே பெயர்தான். இப்போது இரண்டு ஏழைகளுமே ஏலத்தில் நல்ல விலை போகிறார்கள்.

இந்தச் சாமான்களைத் தீட்டினவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. காரணத்தில் ஒன்று 1682-இல் இருக்கிறது. வெனிஸில் வர்ணத்தைத் தொட்டுப் பிழைக்கிற எல்லாரும் - மாதாகோயிலுக்குப் படம் எழுதுகிறவன், தங்க முலாம் பூசுகிறவன், தோலில் சித்திரம் போடுகிறவன், சீட்டுக்கட்டு அச்சடிக்கிறவன், மரச்சாமான் தீட்டுகிறவன் - தெபெந்தோரி என்ற ஒரே தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். அந்த வருஷம் ஓவியர்கள், நாங்கள் வேறு என்று சொல்லித் தனிக் கழகம் பெற்றுப் பிரிந்து போனார்கள். மேஜைக்கால் தீட்டுகிறவன் பழைய இடத்திலேயே நின்றான். வெனிஸில் லக்காவின் பெரிய காலம் என்பது இதற்குப் பிறகு வந்த நூறு வருஷம்தான். அதாவது அவனைக் கலைஞன் இல்லை என்று முடிவு பண்ணின பிறகு. 1797-இல் நெப்போலியன் வந்து குடியரசை முடித்தான். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் தொழிற்சங்கங்களும் கலைக்கப்பட்டன.

ஓவியன் வேறு, பெட்டி தீட்டுகிறவன் வேறு என்பது எப்போதும் இருந்த வித்தியாசம் அல்ல. முன்னூறு வருஷம் பின்னால் போய், வெனிஸை விட்டு ஃப்ளாரன்ஸுக்கு வந்தால் தெரியும்.

அங்கே கல்யாணப் பெட்டி என்று ஒரு வழக்கம். பொதுவாக ஜோடியாகச் செய்வார்கள். முற்பகுதியில் பெண் வீட்டார் கொடுத்துவந்தது, பதினைந்தாம் நூற்றாண்டில் மாப்பிள்ளை செய்ய வைப்பதாக மாறியது. பெண் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அவளுடைய துணிமணிகளோடு இந்தப் பெட்டிகளையும் ஊர் பார்க்கத் தெருவில் தூக்கிக்கொண்டு போவார்கள். முன்பலகை முழுக்க ஒரு கதை - ட்ராய் யுத்தம், தீதோவின் மரணம், ரோமானியப் பெண்களின் கற்பு. மூடியைத் திறந்தால் உட்புறத்தில் சில பெட்டிகளில் நிர்வாணமாக ஓர் ஆணோ பெண்ணோ படுத்திருக்கும். வெளியே உபதேசம், உள்ளே வேறு காரியம். அன்று அவர்கள் ஃபோர்ஸியேரி என்று சொன்ன இவற்றை நாம் இன்று கஸோனே என்கிறோம்.

இதன் வேலை முறை சென்னினோ சென்னினி என்பவர் சுமார் 1400-இல் எழுதிய கைநூலில் இருக்கிறது. பெட்டிகளுக்கென்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது ஜெஸ்ஸோவைப் பற்றி அவர் சொல்லும் இடம். சுட்ட ஜிப்சத்தைத் தண்ணீரில் போட்டால் நிமிஷத்தில் இறுகிவிடும். அப்படி இறுகவிடாமல், நிறையத் தண்ணீர் விட்டு, தினமும் கலக்கிக் கலக்கி, ஒரு மாசம் வைத்திருக்க வேண்டும் என்கிறார். அதன் சூடெல்லாம் போய், இறுகுகிற வீம்பு போய், பட்டு மாதிரி ஆகிறது. அப்புறம் ஆட்டுத்தோல் வஜ்ஜிரத்தில் குழைத்து எட்டுப் பூச்சாவது பூச வேண்டும். அதற்கு முன்பே மரத்தின்மேல் பழைய லினன் துணிப் பட்டைகளை வஜ்ஜிரத்தில் நனைத்து ஒட்டியிருப்பார்கள். மரம் அசைந்தால் வர்ணம் வெடிக்காமல் இருக்க. யார் கண்ணுக்கும் தெரியப்போகாத ஒன்றுக்காக ஒருவன் ஒரு மாசம் வாளியைக் கலக்கிக்கொண்டிருக்கிறான். நம் பத்திரிகைக்கு வருகிற கவிதைகளில் வாளி கலக்கின அடையாளம் எத்தனையில் இருக்கிறது என்று கேட்க வாய் வருகிறது, போகட்டும்.

அப்பொல்லோனியோ தி ஜொவான்னி என்று ஒரு பெட்டி ஓவியன், 1465-இல் இறந்தான். மார்க்கோ தெல் புவோனோ என்ற கூட்டாளியோடு பட்டறை வைத்திருந்தான். அவர்களுடைய கணக்குப் புத்தகத்தின் ஒரு பகுதி, 1446 முதல் 1463 வரை, பதினேழாம் நூற்றாண்டில் ஒருவர் எடுத்த பிரதியாகத் தப்பியிருக்கிறது. லெட்ஜர் படிப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இந்தத் தகவல் எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை மற்றவர்கள் மன்னிக்க வேண்டும். பதினேழு வருஷம், சுமார் 170 உருப்படி. எந்த வீட்டுப் பெண், எந்த வீட்டுப் பையன், பெட்டிக்கு என்ன விலை. என்ன கதை தீட்டினோம் என்று எழுதவில்லை. அது வரவும் அல்ல, செலவும் அல்லவே. உகொலீனோ வெரீனோ என்ற லத்தீன் கவிஞன், டஸ்கனியின் அப்பெல்லெஸ் என்று இவனைப் பாடினான். பழைய கிரேக்கத்தின் மகா ஓவியன் பெயர் அது. அப்புறம் நானூறு வருஷத்துக்கு மேல் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. 1915-இல் பெட்டிகளைப் பற்றிய பெரிய தொகுப்பைப் போட்ட ஜெர்மானியர் ஷூப்ரிங்குக்கு இவன் வேலைகள் கிடைத்தன, பெயர் கிடைக்கவில்லை. தீதோ ஓவியன் என்கிற மாதிரி கதையை வைத்துப் பெயர் கொடுத்தார். பலகைகளில் தீட்டியிருந்த குடும்பச் சின்னங்களைக் கணக்குப் புத்தகத்தின் கல்யாணங்களோடு ஒத்துப்பார்த்து, ஓபர்லினில் இருக்கும் ஒரு பலகையிலிருந்து பட்டறையின் பெயரை மீட்டது 1944-இல் ஸ்டெகோவ். அந்தக் கவிஞன் பாடினதையும் இந்த ஓவியனையும் சேர்த்துவைத்து 1955-இல் எழுதினார் கோம்ப்ரிச். ஒரு கலைஞனைக் காப்பாற்றியது கவிதை அல்ல, பேரேடு.

இன்னொருவன். மஸாச்சோவைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. இருபத்தேழு வயதுக்குள் ஐரோப்பிய ஓவியத்தின் திசையைத் திருப்பிவிட்டு 1428-இல் செத்துப்போனவன். அவனுக்கு ஒரு தம்பி. தம்பி எண்பது வயது இருந்தான். பெட்டியும் கட்டில் பலகையும் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் கொடுக்கிற வர்ணத் தட்டும் தீட்டினான். 1449-இல் லொரென்ஸோ தெ மெடிச்சி பிறந்தபோது தீட்டின தட்டு இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. அவனை ஊரார் கூப்பிட்ட பெயர் லோ ஸ்கெஜ்ஜா - மரச்சிராய் என்று அர்த்தம். அண்ணன் சுவரில் எழுதினதையும் தம்பி பெட்டியில் எழுதினதையும் ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. ஆனால் அவர்கள் காலத்தில் இரண்டும் ஒரே கடைத்தெரு.

1568-இல் வஸாரி, தெல்லோ என்ற பழைய ஓவியனின் வாழ்க்கையை எழுதும்போது இதை வருத்தத்தோடு சொல்கிறார். அந்த நாளில் மிகப் பெரிய ஓவியர்கள்கூடப் பெட்டி தீட்டக் கூச்சப்படவில்லை, இன்றைக்குப் பலர் கூச்சப்படுவார்கள் என்று. அவர் காலத்துக்குள்ளேயே அது பழங்கதை. இதில் எனக்கு ஒரு சிரிப்பும் உண்டு. ஓவியர்களை மற்ற கைவேலைக்காரர்களிடமிருந்து பிரித்து உயரத்தில் வைக்க, ஃப்ளாரன்ஸில் 1563-இல் கலைக் கழகம் ஏற்படுத்தப் பாடுபட்டவரும் இதே வஸாரிதான்.

உயரத்தில் வைத்தார்கள் அல்லவா, அதன் விளைவைப் பெட்டிகள் பின்னால் அனுபவித்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலீஷ்காரர்களும் அமெரிக்கர்களும் ஆரம்ப கால இத்தாலிய ஓவியத்துக்காக அலைந்தபோது, ஃப்ளாரன்ஸ் வியாபாரிகள் பெட்டியின் முன்பலகையை மட்டும் பெயர்த்து, சட்டம் போட்டு, ஓவியமாக விற்றார்கள். பெட்டி விறகாயிற்று. இல்லையென்றால் வேறு பழைய பலகையை அதில் பொருத்தி, புதிதாகச் செதுக்கி, முலாம் பூசி, அசல் பெட்டி என்று இன்னொருவருக்கு விற்றார்கள். இப்போது மியூசியங்களில் நீளவாக்கில் தொங்கும் அந்தப் பலகைகளை உற்றுப்பார்த்தால் மேல் விளிம்பின் நடுவில் ஒரு சிதைவு தெரியும். பூட்டு இருந்த இடம். சாவிக்கொத்து ஆடி ஆடிக் கீறின இடம். கீழ்ப்பக்கம் கால் இடித்த இடம். வீரர்களின் குதிரைகளுக்கு நடுவில், ஒரு வீட்டுக்காரி தினம் துணி எடுத்ததன் தடம். பெட்டியை ஓவியமாக உயர்த்தினவர்கள் முதலில் செய்தது இந்தக் கீறல்களை வர்ணம் போட்டு மறைத்ததுதான்.

பராமரிப்பு என்கிற விஷயம் இங்கேதான் வருகிறது. அது தூசி தட்டுவது மட்டும் அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன். ஈரத் துணி ஆகாது. வஜ்ஜிரம் தண்ணீரில் கரைகிற வஸ்து, வார்னிஷில் மயிரளவு வெடிப்பு இருந்தால் ஈரம் உள்ளே இறங்கி ஜெஸ்ஸோவை மாவாக்கிவிடும். மிருதுவான பிரஷ்ஷால் தட்டினால் போதும். வர்ணம் எழும்பியிருக்கிற இடத்தில் அதுவும் கூடாது. எண்ணெய், கடைப் பாலிஷ் எல்லாம் விஷம். பளபளப்பு ஒரு நாள், பிசுக்கு நூறு வருஷம். ஜன்னல் வெயிலும் கணப்பு அடுப்பும் சத்துரு. மரம் ஈரத்துக்கு ஊதும், வறட்சிக்குச் சுருங்கும். நார்க்குக் குறுக்கேதான் அதிகம். மேலே உள்ள ஜெஸ்ஸோவுக்கு அப்படி ஊதிச் சுருங்கத் தெரியாது. மரம் சுருங்கினால் அது கூரை மாதிரி மேலே எழும்பி, பின் உதிரும். ஆக, அறையின் காற்று திடீரென்று மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதிப் பராமரிப்பு. உளுத்த மரத்துக்கு முன்பெல்லாம் விஷப்புகை போட்டார்கள். இப்போது காற்றுப் புகாத உறைக்குள் வைத்து நைட்ரஜனை நிரப்பி, பூச்சியை மூச்சுத்திணற விடுகிறார்கள்.

வார்னிஷ் விவகாரம் இதைவிடச் சிக்கல். பிசின் வயசானால் மஞ்சளாகும். நீலமாகத் தீட்டின அலமாரி மூன்று தலைமுறைக்குப் பிறகு பச்சையாகத் தெரியும், வெள்ளை தந்தமாகும். பச்சை அலமாரி என்றே அந்த வீட்டில் அதற்குப் பெயர் விழுந்திருக்கும். வார்னிஷைக் கரைத்து எடுத்தால் தீட்டினவனின் நீலம் கிடைக்கலாம். வீட்டின் பச்சை போய்விடும். போதாததற்கு, இவை புழங்குகிற சாமான்கள் ஆனதால் நாகரிகம் மாறும்போதெல்லாம் மேலே மறுபடி தீட்டியிருப்பார்கள். சுரண்டினால் அடியில் என்ன இருக்கும் என்று சொல்ல முடியாது; சில சமயம் ஒன்றும் இருக்காது. விற்கிறவனுக்கு இந்த யோசனையெல்லாம் இல்லை. புத்தம் புதுசு மாதிரி முழுக்கத் தீட்டிவிடுவான். அதுதான் விலை போகும்.

1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ நதி ஃப்ளாரன்ஸுக்குள் புகுந்தது. அதே நாள் வெனிஸில் கடல் 194 சென்டிமீட்டர் ஏறியது. ஃப்ளாரன்ஸின் ஸாந்தா க்ரோச்சேயில் இருந்த வஸாரியின் ‘கடைசி விருந்து’, ஐந்து பெரிய பலகைகளைச் சேர்த்து எழுதினது, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரில் கிடந்தது. மரம் குடித்த மட்டும் குடித்து ஊதியது, வஜ்ஜிரம் கரைந்தது, வர்ணம் தாங்க ஆள் இல்லாமல் மிதந்தது. வர்ணம் உதிராமல் இருக்க அதன் முகத்தில் மெல்லிய காகிதத்தை ஒட்டினார்கள். இந்த வேலைக்கு எடுக்கிற காகிதம் ஜப்பானிலிருந்து வருவது. அந்த ஊர் மரப்பால் கடல் தாண்டவில்லை, மரநார்க் காகிதம் தாண்டியிருக்கிறது. நனைந்த பலகைகளை வெயிலில் வைத்தால் எல்லாம் போயிற்று. போபொலித் தோட்டத்தில் குளிர்காலத்தில் எலுமிச்சைத் தொட்டிகளை வைக்கிற பெரிய கொட்டகையைக் காலி பண்ணி, காற்றை ஈரமாகவே வைத்து, மாதக்கணக்கில் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். வஸாரியின் பலகைகள் பல்லாண்டு கிடங்கில் கிடந்து, கடைசியில் மரவேலையும் வேதியியலும் தெரிந்தவர்கள் கைக்கு வந்து, 2016-இல், சரியாக ஐம்பது வருஷம் கழித்து, ஸாந்தா க்ரோச்சேக்குத் திரும்பின. பெட்டி தீட்டக் கூச்சப்பட்டவர்களைக் கண்டித்தும், ஓவியனை உயரத்தில் ஏற்றியும் எழுதின மனுஷனின் படத்தைக் காப்பாற்றியது, மரம் என்ன செய்யும் என்று தெரிந்த ஆட்கள்.

உதிர்ந்து போனதை என்ன செய்வது? ரோமில் 1939-இல் புனருத்தாரணத்துக்கென்று ஓர் அரசு ஸ்தாபனம் ஏற்பட்டபோது அதன் முதல் இயக்குநர் செஸாரே ப்ராந்தி. யுத்தத்துக்குப் பிறகு, குண்டில் சிதறின சுவர்ச் சித்திரங்களை முன்னால் வைத்துக்கொண்டு, அவரும் சகாக்களும் ஒரு முறையைக் கண்டார்கள். தராத்தெஜ்ஜோ என்று பெயர். வர்ணம் போன இடத்தில், நீர்வர்ணத்தால், செங்குத்தாக, நெருக்கமாக, மெல்லிய கோடுகள். தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் ஒன்றுகூடி இடைவெளி மறைந்து படம் முழுசாகத் தெரியும். கிட்டே போனால் கோடு கோடுதான். இது அவன் எழுதினது அல்ல, நாங்கள் நிரப்பினது என்று தெரியும். நீர்வர்ணம் என்பதால் நாளைக்கு வருகிறவன் ஈரப் பஞ்சால் அழித்துவிடலாம். 1963-இல் ப்ராந்தி தன் சித்தாந்தத்தைப் புத்தகமாக்கினார். எனக்கு அதில் எல்லாம் சம்மதமில்லை. அவருக்குப் படம் என்பது முதலில் பார்க்கிறது. புழங்குகிற பெட்டிக்கு அவர் நியாயம் முழுக்கப் பொருந்தாது. மேஜையில் சாப்பிடுகிறவன் கோடு எண்ணிக்கொண்டிருக்க மாட்டான். சாவி கீறின இடத்தை நிரப்புவதா, விடுவதா என்பதற்கும் அவரிடம் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. நான் விடு என்பேன். ஆனால் அந்தக் கோடு என்னை விடவில்லை.

முன்னே ஒரு காரணம் உண்டு என்றேன். நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோன நண்பனின் கவிதைகளை, அவன் வீட்டில் ஒரு தகரப் பெட்டியிலிருந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து நான்தான் படியெடுத்து இந்தப் பத்திரிகைக்குக் கொடுத்தேன். நோட்டின் வலது ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. பெரும்பாலும் வெற்று விளிம்பு. ஓர் இடத்தில் மட்டும் வரியின் முடிவு போயிருந்தது. புள்ளி வைத்து விட்டிருக்கலாம். அவன் குரல் எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் இரண்டு சொல் போட்டு முடித்துவிட்டேன். ஆசிரியரிடம் சொல்லவில்லை. பிறகு ஒரு கூட்டத்தில், அவன் கவித்துவத்துக்கு உதாரணமாக அந்த வரியையே ஒருவர் எடுத்துப் பேசினார். குறிப்பாக அதன் முடிவை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

அந்த ஐந்து கவிதைகளில் தலைப்பில்லாத மூன்றாவது. ஏழாம் வரியின் கடைசி இரண்டு சொற்கள் என்னுடையவை. அந்த இதழை வைத்திருக்கிறவர்கள் அவற்றின்மேல் பென்சிலால் நாலைந்து செங்குத்துக் கோடுகள் போட்டுக்கொள்ளலாம். மையால் வேண்டாம், நோட்டு அவன் தங்கையிடம் பத்திரமாக இருக்கிறது, என்னைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்த யாராவது வரலாம்.